‘இயல்பு’ என்ற சொல் மறைப்பது: ஆய்வுக்கூட விலங்குகளின் அறுவைக்குப் பிந்தைய பதிவுகள் குறித்து

சுண்டெலி ஒன்றின் வயிற்றைத் திறந்து தைத்திருக்கிறார்கள். அதன் கூண்டு அட்டையில் மூன்று நாட்களுக்குக் காலை, மாலை என ஆறு கட்டங்கள். ஆறிலும் ‘இயல்பு’ என்ற சொல், பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். விலங்கு இல்லங்களில் பழகியவர்களுக்கு இத்தகைய அட்டை புதிதல்ல. கட்டங்கள் நிரம்பியிருப்பதால் தணிக்கையிலும் இது எளிதில் தேறிவிடும். ஆயினும் அதைப் பதிவு என்று ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘இயல்பு’ என்பது பார்த்தவர் எடுத்த முடிவு. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது அதில் இல்லை. அடுத்த வேளை கூண்டைத் திறப்பவர் எலியின் நிலை தேறியிருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா என்று ஒப்பிட அதில் எதுவும் கிடைக்காது.

மயக்க மருந்துப் பதிவு பிறந்த கதை இங்கே நினைவுகூரத் தக்கது. 1890-களின் நடுவில் ஹார்வர்ட் மருத்துவ மாணவர்களான ஹார்வி குஷிங்கும் எர்னஸ்ட் காட்மனும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் கொடுக்கும் பணியில் இருந்தனர். தம் கையால் ஈதர் பெற்ற நோயாளி இறந்துபோனது குஷிங்கை உலுக்கியது. இருவரும் அறுவை நடக்கும்போதே நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவரத் தொடங்கினர். குறிக்கவேண்டும் என்பதற்காகவே தொடர்ந்து பார்க்க நேர்ந்தது. தொடர்ந்து பார்த்ததால் மருந்தின் அளவைத் திருத்த முடிந்தது. அந்தத் தாள் சிகிச்சைக் கருவியாகத்தான் பிறந்தது. விலங்கு இல்லத்துக்கு வந்தபோது அது பெரும்பாலும் அனுமதிக்கான சான்றாகச் சுருங்கிவிட்டது.

நம் சட்டம் இதைவிட விரிவாகவே எண்ணியது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா வழியாக எழுப்பிய கோரிக்கையைத் தொடர்ந்து, 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. சோதனைக்கு முன்னும் பின்னும் விலங்கைச் சரிவரப் பராமரிப்பது, உரிய பதிவுகளை வைத்திருப்பது ஆகிய இரண்டையும் அதன் 17-ஆம் பிரிவு அடுத்தடுத்தே சொல்கிறது. இந்த அண்மை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே கடமையின் இரு பகுதிகளாக வாசிப்பதே சரி என்று கருதுகிறேன். மனிதரல்லாத உயிர் எதுவாயினும் இச்சட்டத்தின்படி ‘விலங்கு’தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டமோ, ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலிகளையும் சுண்டெலிகளையும் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தன் வரையறைக்கு வெளியே வைத்தது. நாய்க்குத் தனி மருத்துவக் கோப்பு, சுண்டெலிக்குக் கூண்டுக்கொரு அட்டை என்ற பழக்கத்தை இங்கே பின்பற்ற நம் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை.

அப்படியானால் எதை எழுதுவது? சுண்டெலி பிற உயிர்களுக்கு இரையாகும் உயிர். நோவை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்ளும். இரவில் இயங்குவது. பகல் பத்து மணிக்குச் சுருண்டு கிடந்தால் அது தூக்கமா வலியா என்று மேலோட்டமான பார்வைக்குத் தெரியாது. மொன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2010-இல் வெளியிட்ட முகச்சுளிப்பு அளவுகோல் இங்கே பெரிதும் உதவுகிறது. இடுங்கிய கண், புடைத்த மூக்கு, புடைத்த கன்னம், காதின் நிலை, மீசை மயிரின் நிலை ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என மதிப்பிடலாம். கூண்டைத் தொடுவதற்கு முன்பே தள்ளி நின்று இதைப் பார்க்கவேண்டும். கூடு கட்டியிருக்கிறதா என்பது அடுத்தது; எடை பார்ப்பது கடைசியில். எடையிலும் ஒரு பொறி உண்டு. 25 கிராம் எலிக்கு அறுவை முடிந்ததும் தோலடியில் 1 மில்லி உப்புநீர் செலுத்தினால் எடை 4 விழுக்காடு கூடும். அந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டால் மறுநாள் எடை குறைந்ததாகத் தோன்றும். அறுவைக்கு முன் எடுத்த எடையோடு ஒப்பிட்டு, செலுத்திய நீர்மத்தைப் பக்கத்தில் குறிக்காவிட்டால் எது நோவினால் குறைந்தது என்று சொல்ல இயலாது.

பார்த்தவர் யார் என்பதும் தரவின் ஒரு பகுதியே. அதே மெக்கில் குழு 2014-இல், ஆண்கள் அருகில் இருந்தாலே, அவர்கள் அணிந்த சட்டை அருகில் இருந்தாலும்கூட, எலிகளிடம் வலியின் அறிகுறிகள் தணிந்து தெரிவதைக் காட்டியது. அச்சத்தின் அழுத்தத்தால் விளையும் தணிவு அது. ஆகவே சுருக்கொப்பத்துக்குப் பதிலாகப் பெயரும் நேரமும் வேண்டும்.

மருந்துப் பதிவையும் பார்ப்போம். அறுவைக்குப் பின் எலிகளுக்குக் கொடுக்கப்படும் வலிநிவாரணியான புப்ரிநார்ஃபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. பூட்டிய அலமாரியிலிருந்து எத்தனை மில்லி எடுக்கப்பட்டது, எத்தனை மீதம் என்பதற்குத் துல்லியமான பதிவேடு இருக்கும். அந்த மருந்து எலியின் வலியைத் தணித்ததா என்பதற்குத்தான் ஏடு இல்லை. சுண்டெலிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பது பழைய வழிகாட்டல். அதற்கு வெகு முன்பே பயன் மங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மருந்து கொடுத்த நேரத்தையும் முகச்சுளிப்பு மதிப்பெண்ணையும் ஒரே வரியில் எழுதியிருந்தால், ஒவ்வொரு விலங்கு இல்லமும் இதைத் தன் அட்டைகளிலிருந்தே கண்டிருக்கும்.

எழுதாமல் விட்டதன் விலை ஆய்வுலகத்துக்கும் உண்டு. கொறிணிகளின் அறுவைச் சோதனைக் கட்டுரைகளை ஆராய்ந்த ரிச்சர்ட்சனும் ஃப்ளெக்னலும், வலிநிவாரணி கொடுத்ததாகச் சொல்பவை 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு என்றும், பத்தாண்டு கழித்து ஏறத்தாழ 20 விழுக்காடு என்றும் 2005-இல் எழுதினர். மற்றவர்கள் கொடுக்கவே இல்லையா, கொடுத்தும் எழுதவில்லையா? கட்டுரையை வைத்து அறிய வழியில்லை. வலியும் வலிநிவாரணியும் அழற்சியை, உணவை, உறக்கத்தை மாற்றுபவை. இவை தெரியாமல் அந்த முடிவுகளை எப்படி எடைபோடுவது?

நூறு எலிகளுக்குத் தனித்தனியே எழுத நேரம் எங்கே என்ற மறுப்பு நியாயமானதே. எல்லாவற்றுக்கும் பொதுவான செயல்களை, அதாவது மயக்க மருந்தின் வகை, வெப்பத்திண்டு, கருவி நுண்ணுயிர் நீக்கம் ஆகியவற்றை, தொகுப்பாக எழுதலாம். வலியைத் தொகுப்பாக எழுத முடியாது. நான்கு எலிகள் இருக்கும் கூண்டில் ஒன்று தையலைக் கடித்துக்கொண்டிருக்க, மூன்றின் நலத்தை வைத்து அட்டை ‘இயல்பு’ என்று சொல்லிவிடும். எலிகளைத் தனித்தனியே அடையாளம் காணக் காதில் வெட்டுக்குறி இடுவது சோதனைத் தரவுக்குப் பயன்படுகிறது என்றால் பராமரிப்புக்கும் பயன்படட்டும்.

படிவத்தில் இன்னும் ஒரு தெரிவு அச்சிடப்படவேண்டும்: ‘பார்க்கப்படவில்லை’. இரவு இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை என்றால் காப்பாளர் அதைத் தயங்காமல் எழுத இயலவேண்டும். அந்தக் கட்டத்தைக் காணும் நெறிமுறைக் குழு அவரிடம் விளக்கம் கேட்பதை விட்டு, அந்த இல்லத்துக்கு இரவுப் பணியாளர் ஒருவரை நிறுவனத்திடம் கேட்கவேண்டும்.