நின்ற நிலையில் சூலக நீக்கம்: பெண் குதிரைகளில் நுண்துளை அறுவை முறை

1. படுக்க வைப்பதன் ஆபத்து

குதிரைக்கு அறுவை சிகிச்சை செய்வதில் கத்தியைவிட அஞ்ச வேண்டியது அதைப் படுக்க வைப்பது. ஏறத்தாழ 500 கிலோ உடல் மல்லாந்து கிடக்கும்போது நுரையீரல் அழுந்துகிறது. அடியில் சிக்கிய தசைகளுக்கு இரத்தம் போதுவதில்லை. மயக்கம் தெளியும் நேரம் இன்னும் கொடியது. ஓடித் தப்பிப் பிழைக்கும் விலங்கு அது. கால்களில் வலு திரும்பும் முன்பே எழ முயன்று விழுகிறது, எலும்பு முறிகிறது. 2002-இல் வெளியான பெரும் ஆய்வொன்று, குடல்வலிக்கான அறுவைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும், முழு மயக்கம் சார்ந்த இறப்பு 0.9 சதவீதம் எனக் கண்டது. 2021-இல் வந்த தொடர் ஆய்வின் முதல் முடிவுகளில் முழு மயக்கத்தில் மொத்த இறப்பு 1.0 சதவீதம், நின்றபடியே அமைதிப்படுத்தும் மருந்து பெற்றவற்றில் 0.2 சதவீதம். இரு தரப்புக் குதிரைகளின் நோய்களும் ஒன்றல்ல என்பதால் இவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும், நிற்க வைத்தே செய்ய முடிகிற அறுவைக்காகக் குதிரையைப் படுக்க வைப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

2. பழைய முறையும் புதிய முறையும்

நிற்க வைத்து அறுப்பது புதிதன்று. யோனிச் சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே செலுத்தி, சங்கிலிக் கருவியால் சூலகக் காம்பை நசுக்கி அறுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே விரல்கள்தாம் கண்கள். காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால் தெரியாது. குடல் துளை வழியே இறங்கிவிடும் அபாயமும் உண்டு. சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் தந்த மாற்றம் பார்வைதான். 1993-இல் அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் பாமர், நின்ற நிலையிலிருந்த ஐந்து பெண் குதிரைகளில் லேப்ராஸ்கோப்பும் லேசரும் கொண்டு சூலக நீக்கம் செய்த முறையை வெளியிட்டார்.

உடற்கூறும் இம்முறைக்குத் துணை நிற்கிறது. சூலகங்கள் வயிற்றறையின் மேற்கூரையிலிருந்து ஒரு சவ்வில் தொங்குகின்றன. குதிரை நிற்கும்போது குடல்கள் தம் எடையால் கீழே இறங்க, சூலகம் கண்முன்னே தொங்குகிறது. மல்லாத்திப் படுக்க வைத்தால் அதே குடல்கள் சூலகத்தின்மேல் கவிழும். அவற்றை விலக்கத் தலைப்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்கு அது மேலும் சுமை.

3. செய்முறை

ஏறக்குறைய ஒரு நாள் தீனியை நிறுத்திக் குடலின் பருமனைக் குறைக்கிறார்கள். சட்டக் கூண்டில் நிறுத்தி, அமைதிப்படுத்தும் மருந்தான டெட்டோமிடினைச் சீராகச் சிரை வழியே செலுத்தி, தலையைத் தாங்கியில் சாய்த்து வைக்கிறார்கள். மருந்து மிகுந்தால் கால் தள்ளாடும், குறைந்தால் உதைக்கும். இந்த அளவை நொடிக்கு நொடி கவனிப்பவரின் பங்கு அறுப்பவரின் பங்கிற்குக் குறைந்ததல்ல.

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் இடைப்பட்ட குழியை மரக்கச் செய்து, பொதுவாக மூன்று சிறு துளைகள் இடப்படும். இடப்பக்கம் மண்ணீரலும் வலப்பக்கம் பெருங்குடல் முனைப்பையும் கத்திக்கு அருகில் இருப்பதால் முதல் துளை மிகுந்த எச்சரிக்கை கேட்கும். கரியமில வாயுவை மிதமான அழுத்தத்தில் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள்.

அடுத்த படியில் அவசரம் கூடவே கூடாது. தொங்குசவ்வை இழுக்கும்போதுதான் குதிரை வலியை உணர்கிறது; தோலை மரக்க வைத்தது இதற்கு உதவாது. நீண்ட ஊசியால் சவ்வுக்குள்ளேயே மரப்பு மருந்தைச் செலுத்தி, அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் இரத்தக் குழாய்களை அடைத்து அறுக்கிறார்கள். முதலில் சுருக்கு நூல்களும் லேசரும் இருந்தன. இன்று குழாயை மின்வெப்பத்தால் ஒட்டவைத்து அதே பிடியில் வெட்டும் கருவிகள் வந்துள்ளன. எதுவானாலும், வெட்டிய முனையில் கசிவில்லை என்று திரையில் பார்த்த பிறகே சூலகத்தை வெளியே எடுக்கிறார்கள். பெரிய கட்டியானால், நீர்ப்பைகளை உறிஞ்சிச் சுருக்கி, விலாத் துளையை அகலப்படுத்த வேண்டிவரும்.

பிறகு வலிநீக்கி, சில வாரக் கொட்டகை ஓய்வு, மெதுவான நடை. தோலடியில் தங்கிய வாயு தானே கரையும்.

4. யாருக்கு இது தேவை

கிரானுலோசா செல் கட்டி முதன்மையான காரணம். பெண் குதிரையின் சூலகக் கட்டிகளில் இதுவே மிகுதி. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும், பரவுவது அரிது. இக்கட்டியுள்ள குதிரை பொலிகுதிரைபோல் மூர்க்கம் காட்டலாம். பருவமே வராமல் போகலாம். ஓயாமல் பருவத்தில் இருக்கவும் கூடும். எதிர்ப்பக்கச் சூலகம் சுருங்கிக் கிடக்கும். இரத்தத்தில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் அளவு இதற்கு நல்ல சான்று; பருவச் சுழற்சியோ சினையோ அதைக் குழப்புவதில்லை. கட்டியை எடுத்தபின் மற்றச் சூலகம் விழித்துக்கொள்ளப் பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு ஆகும்.

நலமான சூலகங்களை நடத்தைக்காக மட்டும் எடுப்பது வேறு கதை. பெண் குதிரையில் பருவ நடத்தையை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரான். சூலகம் போனால் அதுவும் போகும். எனவே அறுவைக்குப் பிறகும் சில குதிரைகள் பருவக் குறிகளைக் காட்டுகின்றன. விந்து சேகரிப்பில் பொலிகுதிரை ஏறுவதற்குச் சூலகம் நீக்கிய குதிரைகளை நிறுத்த முடிவது இதனால்தான். ஆகவே, அடங்காத குதிரை என்று அழைத்து வருபவரிடம் முதலில் முதுகுவலி, சேணம், பல், கால் பற்றிக் கேட்க வேண்டும். அடுத்து, பருவத்தை அடக்கும் மருந்தான அல்ட்ரனோஜெஸ்ட் கொடுத்துப் பார்க்கலாம். அதனாலும் குணம் மாறாத குதிரைக்குக் கோளாறு பருவச் சுழற்சியில் இருக்க வாய்ப்பு குறைவு. சூலகங்களை எடுத்தாலும் அது தீராது.