சர்வீஸ் புக் இல்லாத ராஜ்தூத்தும் திறக்காத சிப்பியும்

பழைய பைக் விக்கிறவங்க எல்லாரும் மனப்பாடமா ஒரு வசனம் வச்சிருப்பாங்க. "சர்வீஸ் புக்கு எங்கயோ மிஸ் ஆயிட்டு சார், ஆனா வண்டி சும்மா கல்லு மாதிரி இருக்கு." உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வெளியில இருந்து பாத்து காசு கொடுக்கணும். இது என்னமோ நம்ம தலைமுறைக்கு வந்த சோதனைன்னு நெனச்சுக்க வேண்டாம். எங்க தூத்துக்குடிக் கடற்கரைல இதே வியாபாரம் ரொம்ப காலமா நடந்திருக்கு. அங்க வித்தது சிப்பி. அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி பைக் கதையைப் பாத்துடுவோம்.

நண்பன் ஒருத்தன் ராஜ்தூத் 350 ஒண்ணு வாங்கப்போறேன்னு கிளம்பினான். 1984 மாடல். கேட்ட விலைக்கு இன்னிக்குப் புது பைக்கே எடுத்துடலாம். அதுவும் அவன் ரெண்டு வருஷ சேமிப்பு. "மாப்ள, சர்வீஸ் ரெக்கார்டு ஒண்ணுமே இல்லையாம். நம்பி வாங்கலாமாடே?"ன்னு கேட்டான். அதுக்குப் பதில் தேடப் போய்தான் இந்தக் கட்டுரை :-)

இந்த வண்டியோட பூர்வீகம் ஜப்பான். யமஹா ஆர்.டி. 350-ன்னு 1973-ல வந்தது. 347 சி.சி., ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அதை 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஃபரிதாபாத்ல தயாரிச்சு 'ராஜ்தூத் 350'ன்னு பேர் வச்சு வித்தாங்க. கபில்தேவ் உலகக்கோப்பையைத் தூக்கின வருஷம், மாருதி 800 வந்த வருஷம். புல்லட், ஜாவா, யெஸ்டின்னு பாத்துப் பழகின ஜனங்களுக்கு இது ராக்கெட் மாதிரி இருந்திருக்கும்.

இங்க வந்தப்போ சில மாற்றம். ஒரிஜினல்ல முன்னாடி டிஸ்க் பிரேக், நம்ம வண்டில டிரம். ஒரிஜினல் 39 குதிரைசக்தி, நம்ம ஊர் முதல் வகை (ஹை டார்க், சுருக்கமா எச்.டி.) 30.5. அப்புறம் மைலேஜுக்காக இன்னும் அடக்கி எல்.டி.ன்னு ஒரு வகை விட்டாங்க, அது 27. அப்பவும் வண்டி போணியாகல. விலை ஜாஸ்தி, பெட்ரோல் குடிக்கும், ஸ்பேர்ஸ் கிடைக்காது. 1985-ல ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வரிசையா வந்து இறங்க, 350-ஐ யார் சீண்டுவா? 80-கள் முடியுறப்போ அதோட கதையும் முடிஞ்சுது.

சரி, ரெக்கார்டு ஏன் இல்லாமப் போச்சு? எஸ்கார்ட்ஸ் அதுக்கு முன்னாடி 1962-லேர்ந்து வித்தது ராஜ்தூத் 175. ஒத்த சிலிண்டர், பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்துற வண்டி. தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுப் பூட்டுவார். 350-ல ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க பம்ப் ஆயிலைக் கூட்டிக் கொடுக்கும். இக்னிஷன் பாயிண்டும் ரெண்டு செட். சின்ன ஊர்ல இதைச் செட் பண்றதுக்கு ஆள் ஏது? பம்ப் மக்கர் பண்ணினா அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, பழையபடி பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்துனவங்க நிறைய. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் யார் பில் போட்டுக் கொடுப்பா? நம்ம பாஷைல சொன்னா, கமெண்ட் ஒரு வரி கூட இல்லாம நாலு பேர் கை வச்ச பழைய கோடு.

இதுல இன்னொண்ணு. 1984 வண்டின்னா அது ரோட்டுக்கு வந்தப்போ தூத்துக்குடி மாவட்டமே கிடையாது. 1986 அக்டோபர்லதான் திருநெல்வேலில இருந்து பிரிச்சாங்க. மூணு கை மாறி, ரெண்டு ஆபீஸ் ஃபைல் மாறி வந்த வண்டிக்கு ஆர்.சி. புக் மிஞ்சியிருந்தாலே பெரிய விஷயம்.

இப்போ சிப்பிக்கு வருவோம்.

மன்னார் வளைகுடால முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற சமாச்சாரம் இல்ல. 'பார்'னு சொல்ற முத்துப் படுகைல சிப்பி விளைஞ்சாத்தான் குளிப்பு. எடுத்த சிப்பில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு முங்கினவனுக்கு. சர்க்கார் பங்கை திறக்காமலே, ஆயிரம் சிப்பி இவ்வளவுன்னு ஏலம் விடுவாங்க. வாங்கினவர் அதைக் கொட்டடில போட்டு, நாள்கணக்கா அழுக விட்டு, ஈயும் நாத்தமும் தாங்கி, அலசிப் பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஆயிரத்துல ஒண்ணும் இல்லாமலும் போகலாம், ஒரே ஒரு சிப்பில போட்ட காசு பூராவும் வந்துடவும் செய்யலாம்.

கேக்க சூதாட்டம் மாதிரி இருக்கா? அவங்க ஒண்ணும் அசடு இல்ல. குளிப்பு நடத்துறதுக்கு முன்னாடியே பார்ல இருந்து சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுப்பாங்க. அழுக வச்சு, அலசி, கிடைச்ச முத்தை விவரம் தெரிஞ்ச ஆளுங்களை வச்சு மதிப்புப் போட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு தேறும்னு கணக்குச் சொல்வாங்க. அதை வச்சுத்தான் வியாபாரிகள் கிளம்பி வர்றதே. பெரிய தொகை இல்லாதவங்க முங்கினவன்கிட்டயே அவன் பங்குல இருந்து நாலு, பத்துன்னு வாங்கித் திறந்து பாப்பாங்க. சிப்பிக்குச் சரித்திரம் கிடையாது, ஆனா மாதிரி உண்டு.

மாதிரியை விட்டுட்டு, போன சீசன் ரெக்கார்டை மட்டும் நம்பினா என்ன ஆகும்? அதுக்கும் எதிர்க்கரைல உதாரணம் இருக்கு. 1905-ல இலங்கைப் பார்கள்ல 8 கோடிக்கு மேல சிப்பி எடுத்தாங்க, சர்க்காருக்கு 25 லட்ச ரூபாய் வரும்படி. அதைப் பாத்துட்டு லண்டன்ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, 1906-ல 20 வருஷக் குத்தகை எடுத்தாங்க. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். 1907-க்கு அப்புறம் பார்ல சிப்பியே தேறல. 1912-ல கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. கையில இருந்த ரெக்கார்டு என்னமோ பொய் இல்ல. அது நேத்தைய கடலைப் பத்தின ரெக்கார்டு, அவ்வளவுதான். முத்திரை குத்தின சர்வீஸ் புக்கைக் காட்டினா உடனே விழுந்துடுறவங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்போ பைக்ல மாதிரி எடுக்கிறது எப்படி? டூ ஸ்ட்ரோக் வண்டில அதுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. வால்வு, கேம்னு ஒண்ணும் கிடையாது. நாலு நட்டைக் கழட்டினா ஹெட்டு கையோட வந்துடும், பிஸ்டன் தலை தெரியும். ஒவ்வொரு தடவை சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கும்போதும் ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடணும். அந்த சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00-ன்னு பிஸ்டன் தலைலயே குத்தியிருக்கும். புது வண்டில துளை 64 மில்லிமீட்டர். எத்தனை தடவை கடைஞ்சிருக்காங்க, இன்னும் எத்தனை தடவை தாங்கும்னு அந்த நம்பரைப் பாத்தே சொல்லிடலாம். சர்வீஸ் புக் தொலைஞ்சு போகும், இது தொலையாது.

இதோட நான் பாக்கச் சொல்றது இன்னும் நாலு விஷயம்:

1. ரெண்டு சிலிண்டர்லயும் கம்ப்ரஷனைக் கேஜ் வச்சு அளக்கணும். அளவு முக்கியம், அதைவிட ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முக்கியம்.

2. ஆயில் பம்ப் இருக்கா, ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது அதோட கேபிள் அசையுதா? இல்லேன்னா இத்தனை வருஷமா யார் எவ்வளவு ஆயில் கலந்தாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

3. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலேன்னா, கிராங்க்ல க்ளட்ச் பக்கத்து சீல் போய் கியர்பாக்ஸ் ஆயிலைக் குடிக்குதுன்னு சந்தேகப்படணும். மறுபக்க சீல் போனா புகை வராது, காத்தை இழுக்கும். அதுதான் ஆபத்து. வேகத்துல போகும்போது பிஸ்டன் பிடிச்சு, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். இது பணப் பிரச்சினை இல்ல, உயிர்ப் பிரச்சினை.

4. எங்க ஊர் வண்டின்னா உப்பு. உப்பளக் காத்துல நின்ன வண்டில ஸ்போக், டேங்கோட உள்பக்கம், ஹெட்லைட்டுக்குள்ள இருக்கிற வயர் முனை எல்லாம் காட்டிக் கொடுத்துடும். 2023 டிசம்பர் மழைல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி மாவட்டமே முங்கிச்சு. வண்டி அப்போ எங்க நின்னுச்சுன்னு கண்டிப்பா கேளுங்க. ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ள வண்டல் படிஞ்சிருந்தா, பதில் சொல்லாமலே தெரிஞ்சுடும்.

காகிதத்துல ஒண்ணே ஒண்ணுல மட்டும் சமரசமே கூடாது. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். முதல் 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிச்சிருக்கணும். இது இல்லேன்னா வண்டி தங்கமாவே இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

நண்பன் பாத்த வண்டில காகிதம் சரியா இருந்துது. மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயி, ஹெட்டைக் கழட்டிப் பாக்கணும்னு கேட்டோம். ஓனர் முதல்ல முறைச்சார், அப்புறம் சரின்னுட்டார். ஒரு பிஸ்டன்ல 0.25, இன்னொண்ணுல 0.75. அண்ணாச்சி விரலால தடவிப் பாத்துட்டு, "தம்பி, இந்தப் பக்கம் ரெண்டு மட்டமாவது பிடிச்சிருக்கு. சீலை மாத்தாம பிஸ்டனை மட்டுமே மாத்தி ஓட்டிருக்கானுவ"ன்னார். ஓனருக்கே அப்பத்தான் விஷயம் தெரியும். இன்ஜின் வேலைக்கு ஆகுற செலவைக் கழிச்சுக்கிட்டு விலை படிஞ்சுது. முதல் வேலையா சீலும் பம்பும் மாத்தினான். அதுக்குப் பிறகுதான் வண்டி ரோட்டுக்கே வந்துச்சு.

தூத்துக்குடிப் பார்கள்ல கடைசியா பெரிய அளவுல முத்துக்குளிச்சது 1955-லேர்ந்து 1961 வரைக்கும். முத்து போயிடுச்சு, அந்த ஏலமும் போயிடுச்சு. ஆனா அந்த வியாபாரிகளோட புத்தி இன்னிக்கும் பழைய பைக், பழைய கார், பழைய வீடு எல்லாத்துக்கும் செல்லும். மூடியிருக்கிறதை வாங்கலாம், தப்பில்ல. ஆனா, ஒண்ணையாவது திறந்து பாத்துட்டு விலை சொல்லுங்க. திறக்கவே விடமாட்டேங்கிறாரா? அதுவும் ஒரு ரெக்கார்டுதான்.