பனிக்கு விட்ட வழி

யசுநாரி கவபட்டாவின் 'பனி நாடு' நாவலை முதல் தடவை படித்தபோது அதில் வரும் மனிதர்களைத்தான் கவனித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது என் கவனம் வீட்டுக் கூரைகளின் மேல் போயிற்று. இடையில் ஒரு பழைய துணி வியாபாரியைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் காரணம்.

அவர் பெயர் சுசுகி பொகுஷி. 1770-ல் பிறந்து 1842-ல் மறைந்தவர். ஜப்பானில் இன்று நீகாதா என்று வழங்கும் பிரதேசத்தில் ஷியோஸாவா அவருடைய ஊர். தம் ஊரின் வெண்பனியைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதி, அதை அச்சேற்ற ஏறக்குறைய நாற்பது வருஷம் அலைந்தார். கடைசியில் 1837-ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அது வெளிவந்தது. எடோ ஜனங்களுக்குப் பனி என்பது ரசிப்பதற்குரிய விஷயம். பொகுஷியின் ஊரிலோ கூரைப் பனியை அகற்றுவதற்கே 'தோண்டுவது' என்றுதான் பெயர். மண்ணைத் தோண்டுகிற அத்தனை பாடு அதில் உண்டு. கவபட்டாவும் இந்தப் புஸ்தகத்தைப் படித்துத் தம் நாவலுக்குப் பயன்படுத்திக்கொண்டவர்.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. மலையில் மோதி அதைக் கொட்டிவிடுகிறது. 1945 பிப்ரவரியில் அந்தப் பிரதேசத்தின் தகாதா நகரில் பனி 377 சென்டிமீட்டர் உயரம் கிடந்தது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் நூறு கிலோகூட இராது. நாளாக நாளாக அது அமுங்கி இறுகி, முந்நூறு, நானூறு கிலோ என்று கனத்துவிடும். விழுகிற பனியைவிட, விழுந்து தங்கிய பனியே ஆபத்து.

இதை அங்கே கிராமத்து ஜனங்கள் வெகு காலமாக அறிவார்கள். ஷிரகாவா கிராமத்துப் பழைய வீடுகளின் கூரை, கும்பிட்ட கைகளைப்போல, ஏறக்குறைய அறுபது பாகைச் சரிவில் நிற்கும். பனி அதில் அதிக நாள் தங்காது. அவோமோரியில் ஆப்பிள் பயிரிடுகிறவர்கள் இன்னொரு பாடம் கற்றார்கள். தாழ்ந்த கிளை பனியில் புதைந்துவிட்டால், மேலே ஏறிய பாரம் மட்டும் அதை ஒடிப்பதில்லை. சுற்றியிருக்கும் பனி அமுங்கும்போது கிளையையும் பிடித்துக் கீழே இழுக்கிறது. ஆகையால் குளிர்காலத்திலேயே தோட்டத்துக்குப் போய்க் கிளைகளைத் தோண்டி விடுவிக்கிறார்கள்.

இந்தப் பழைய பாடங்களுக்கு எதிர்பாராத இடத்தில் வேலை வந்தது. 2011 மார்ச் மாதத்தில் பூகம்பமும் கடல்கோளும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் நேர்ந்தன. 2012 ஜூலை முதல், சூரிய ஒளியில் எடுத்த மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கவேண்டும் என்ற சட்டம் அமலாயிற்று. வெற்று நிலங்களில் சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக முளைத்தன. பனிப் பிரதேசமும் விலக்கல்ல.

தகட்டின்மேல் விழுந்த பனி சரிந்து அதன் காலடியில் குவிகிறது. தகடு தாழ்வாக இருந்தால், குவியல் வளர்ந்து அதன் கீழ்விளிம்பைத் தொட்டுவிடும். அப்புறம் மேலுள்ள பனிக்கு இறங்க இடமில்லை. மேலும் கீழும் ஒரே கட்டியாகி, அமுங்கும்போது விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. சட்டம் வளைகிறது, கண்ணாடி விரிகிறது, தாங்குகால் மடிகிறது. ஆப்பிள் கிளையின் கதிதான்! சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 550 கிலோ பாரம் வைத்துச் சோதித்த தகடுகள் உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் பாரம் எங்கும் சமமாகப் பரவியிருக்கும். பனி அப்படிச் சமமாக அழுத்துவதில்லை. சமமில்லாத பனிப் பாரத்துக்கென்றே ஒரு சர்வதேசச் சோதனை முறை 2020-ல்தான் வெளியாயிற்று.

பரிகாரம் எளிமையானது. தகட்டைச் செங்குத்தாகச் சரித்து வைக்கவேண்டும். அந்த ஊரில் வழக்கமாகக் கிடக்கும் பனியின் உயரத்தோடு, சரிந்து குவிவதற்கும் இடம் கணக்கிட்டுக் கால்களை உயர்த்தவேண்டும். வரிசைகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். செங்குத்துத் தகட்டில் கோடை வெயில் கொஞ்சம் நஷ்டமாகும். உயர்ந்த காலுக்கு இரும்பும் கூடுதலாகப் பிடிக்கும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவரைப் பனி ஒரே குளிர்காலத்தில் திருத்திவிடும்.

ஆட்களை விட்டுப் பனியை வாரிவிடலாமே என்று கேட்கலாம். எந்த ஆட்களை? இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இன்று பனிப் பிரதேசத்தில் கூரையேறித் தோண்டுகிறவர்களில் கிழவர்களே அநேகம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தவறி விழுந்தும், கூரையிலிருந்து சரிந்த பனியில் புதைந்தும் சிலர் இறக்கிறார்கள். பனி தன் பாட்டில் இறங்கிப்போகாத தகட்டு வரிசை, அந்தக் கிழவர்கள் தலையில் இன்னொரு கூரையைக் கட்டியதாகத்தான் ஆகும்.

பொகுஷி நாற்பது வருஷம் அலைந்தது, வெயில் ஊர்க்காரர்களுக்குப் பனி ஊர்க்காரர்களின் பாட்டைத் தெரிவிப்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெயிலை வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கும் அந்தப் புஸ்தகம் பயன்படும்.