குளிரும் மருந்தும்: மூளைக்காயச் சிகிச்சை வந்த வழி

அடிபட்ட இடத்துல ஐஸ் வை, வீக்கம் வடிஞ்சிடும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். இந்த யோசனையை மூளைக்கும் கொண்டுபோன கதை ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு.

பலத்த அடிபட்ட மூளை வீங்குகிறது. மண்டை ஓடோ விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் குறைந்து, முதல் அடியில் தப்பிய செல்களும் சாகின்றன. உடலைக் குளிர்வித்தால் மூளைக்குப் பிராணவாயுத் தேவை குறையும், செல்கள் பிழைக்கும் என்று கருதினார்கள். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டெம்பிள் ஃபே என்ற அறுவை மருத்துவர் தலைக்காய நோயாளிகளைக் குளிர்வித்த அனுபவத்தை 1945இல் எழுதினார். 1997இல் பிட்ஸ்பர்க்கில் 82 பேரிடம் நடந்த சோதனை நம்பிக்கை தந்தது. பிறகுதான் சறுக்கல். 392 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 33 டிகிரிக்குக் குளிர்வித்துப் பார்த்த முடிவு 2001இல் வெளிவந்தது. இரு பிரிவிலும் 57 விழுக்காட்டினர் நல்லபடியாகத் தேறவில்லை. 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினரே நன்கு தேறினர், மற்றவர்களில் 37. தீங்கு நேருமோ என்று அஞ்சிப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மருந்தின் கதையும் இதேதான். வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பது பல்லாண்டுப் பழக்கம். 10,008 பேரைக் கொண்ட ‘கிராஷ்’ ஆய்வு 2004இல் உண்மையை உடைத்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9. காப்பாற்றத்தான் கொடுத்தார்கள்; அதுவே உயிரைக் குடித்திருக்கிறது.

அப்படியானால் குளிர் வீணா? இல்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களுக்கு அது கைகொடுத்தது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மரணமோ ஊனமோ நேர்ந்தவர்கள் 62 விழுக்காட்டிலிருந்து 44 ஆகக் குறைந்தனர். குளிரோடு எரித்ரோபாய்ட்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் தெரிந்தது.

நமக்கு முக்கியமானது ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு. சென்னை, பெங்களூரு, மும்பை மருத்துவமனைகளும், இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளும் சேர்ந்து 408 சிசுக்களிடம் நடத்தியது. 2021இல் வந்த முடிவு: குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காடு இறந்தனர், மற்றவர்களில் 31. அங்கே உயிர் காத்த முறை இங்கே உயிர் காக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று, “ஏதாவது செய்யுங்க டாக்டர்” என்று கெஞ்சாத குடும்பம் இல்லை. அந்த ‘ஏதாவது’ நன்மை செய்யுமா என்பதை யோசனையால் மட்டும் அறிய முடியாது. சோதித்துத்தான் அறிய முடியும். அதுவும் நம் ஊர் நோயாளிகளிடமே சோதித்தாக வேண்டும். அதற்குச் சம்மதித்த பெற்றோருக்கும் உறவினருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.