கழுத்தில்லாத பொம்மைக்கு எத்தனை மார்க்?

"உன்னை நீயே வரை கண்ணு"ன்னு நாலு வயசுக் குழந்தைகிட்ட ஒரு பேப்பரைக் குடுத்துப் பாருங்க. பெரிய வட்டம், உள்ளே ரெண்டு கண்ணு, வட்டத்துல இருந்தே நேரா இறங்குற ரெண்டு காலு. உடம்பே இருக்காது. பல நாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. இதுக்குத் 'தலைப்பிரட்டை மனிதன்'னு பேரே உண்டு. இதைத் திருத்தணுமா, அப்படியே விடணுமா? நூறு வருஷத்துக்கும் மேலான பஞ்சாயத்து இது.

வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-ல் சிறுவர் ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவங்க படத்தைக் காப்பியடிக்கச் சொல்லாம, பிள்ளைங்க மனசுல இருக்கிறதை வரையவிட்டவர் அவர்.

அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் வேற பக்கம் போனார். ஒரு ஆளை வரையச் சொல்லி, அந்தப் படத்தை வெச்சுக் குழந்தையோட அறிவை அளக்கும் சோதனையை 1926-ல் வெளியிட்டார். அழகுக்கு மார்க் கிடையாது. கழுத்து இருக்கா, விரல் இருக்கா, விரல் சரியா அஞ்சு இருக்கா... இப்படி 51 அம்சங்கள். 1963-ல் டேல் ஹாரிஸ் இதை விரிவாக்கி, பெண் படத்தையும் 'உன்னையே வரை' என்பதையும் சேர்த்தார். ஆக, குழந்தையோட சொந்த முகமும் பரீட்சைப் பேப்பர் ஆயிருச்சு!

எங்க அக்கா பொண்ணு தன்னை வரைஞ்சப்ப கழுத்து இல்லை. ஆனா கவுன்ல ஆறு பட்டன், ஒவ்வொண்ணுலயும் நாலு ஓட்டை. பனியன் ஊர்ப் பிள்ளைங்க, வேறென்ன கண்ணுல படும்? அந்த ஓட்டைக்கு எந்தக் கணக்குல மார்க் போடுறது?

நம்ம நாட்டுல இதை யோசிச்சவர் தேவி பிரசாத். சாந்திநிகேதன் மாணவர். 1944-ல் காந்தியோட சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராப் போனார், 1962 வரைக்கும் அங்கேதான். நூல் நூற்பதையே பாடமாக்கின ஆதாரக் கல்விப் பள்ளி அது. தக்ளியும் ராட்டையும் சுத்துற இடத்துல தூரிகைக்கு என்ன வேலைன்னு தோணும். கலைதான் கல்விக்கு அடித்தளம்னு அவர் புத்தகமே எழுதினார். பிள்ளை வரைஞ்சதுல ஆசிரியர் கைவைக்காம இருக்கறதும் சொல்லித்தர்றதுதான்னு நான் அதைப் புரிஞ்சுக்கறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2007-ல் செயல்வழிக் கற்றல் பரவலா வந்தப்ப நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுவரோட கீழ்ப்பகுதியில கரும்பலகை வெச்சு, பிள்ளைக்கு இவ்வளவு இடம்னு பிரிச்சுக் குடுத்தாங்க. வரைஞ்ச படங்களைத் தொங்கவிட வகுப்புக்குள்ளயே கம்பிப் பந்தல். பிரமாதமா வந்த நாலு படம் மட்டும் இல்லைங்க, எல்லார் படமும் தொங்கும். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்து பாடமுறை மாறிருச்சு.

எங்க காலத்து ட்ராயிங் பீரியட்னா ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு தென்னை மரம், குடிசை. நெருப்பெரிச்சல்ல மலையே கிடையாதுங்க :-) "உன்னை வரை"ன்னு ஒருத்தரும் எங்களைக் கேட்டதில்லை. உங்களை யாராவது கேட்டிருக்காங்களா?