காலதர்: காற்றுக்கு வழி தேடியோர் வரலாறு

இன்று நாம் வழங்கும் சன்னல் என்னும் சொல் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்துவிட்டுப் போனது. அதற்கு முன்பும் நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பலகணி என்றோம், சாளரம் என்றோம், காலதர் என்றும் சொன்னோம். கடைசியாகச் சொன்னது சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் சொல். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளி வருவதும் தெரு தெரிவதும் அப்பெயரில் இல்லை. காற்றின் வழி என்பதே அதன் முழுப்பொருள். ஆங்கிலத்தின் ‘விண்டோ’வும் பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. தொடர்பற்ற இரு மொழியினர் சுவரில் விட்ட துளைக்குக் காற்றை வைத்தே பெயரிட்டிருக்கின்றனர்.

அந்தக் காற்றின் வழியைக் குழாயாகவும் கருவியாகவும் மாற்ற முயன்றோரின் வரலாறு விந்தையானது. காரணத்தைத் தவறாக அறிந்தவர்கள் அதில் சரியான செயலைச் செய்தார்கள். காரணத்தைச் சரியாக அறிந்தவர்கள் அச்செயலைக் கைவிட்டார்கள். அதைச் சற்று விரித்துக் காண்போம்.

1750ஆம் ஆண்டில் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு அருகிலிருந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகள் அழைத்து வரப்பட்டனர். அடுத்த சில நாள்களில் நகரத் தந்தை சாமுவேல் பென்னன்ட், நீதிபதிகள் இருவர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிறைக்காய்ச்சலுக்குப் பலியாயினர். தீர்ப்பளிக்க அமர்ந்தவர்களையே நோய் கொண்டுபோனதால் அதிகார வர்க்கம் முதன்முறையாகச் சிறையின் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டது. கெட்ட காற்றே நோய் என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை.

அப்போது அவர்கள் நாடியது டெடிங்டன் என்னும் ஊரின் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸை (1677–1761). தாவரங்கள் நீரை உறிஞ்சுவதையும் குதிரையின் இரத்த அழுத்தத்தையும் அளந்த அறிவியலாளர் அவர். பெரிய துருத்திபோல் இயங்கிப் பழங்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உட்செலுத்தும் கருவியொன்றை 1741இல் அறிவித்திருந்தார். கப்பல்களின் அடித்தளங்களில் அது பொருத்தப்பட்டது. 1752இல் நியூகேட் சிறையின் உச்சியில் ஒரு காற்றாலை சுழலத் தொடங்கி, அறைகளிலிருந்து குழாய்வழியே காற்றை இழுத்து வெளியேற்றியது. அக்கருவியைப் பொருத்தச் சென்ற தொழிலாளர் சிலருக்கே காய்ச்சல் தொற்றியது என்பது அவ்வரலாற்றின் சோகம். ஏனெனில் சிறைக்காய்ச்சல் எனப்பட்டது டைபஸ். அதைப் பரப்புவது சீலைப்பேன். இந்த உண்மையை 1909இல்தான் சார்ல் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். துருத்தியால் பேனை விரட்ட முடியாது. ஆயினும், அடைபட்ட மனிதனுக்கும் புதுக்காற்று உரியது என்னும் கருத்து அந்தக் காற்றாலையோடுதான் சிறைக்குள் நுழைந்தது.

1834 அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோயிற்று. மக்களவைக்கு அமைக்கப்பட்ட தற்காலிக மண்டபத்தில் 1836இல் காற்றோட்டம் அமைக்கும் பணி எடின்பரோவைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியர் டேவிட் பாஸ்வெல் ரீடிடம் சேர்ந்தது. அவர் அந்த மண்டபத்தையே ஒரு சோதனைக் கருவியாக்கினார். வெளிக்காற்று முதலில் துணித்திரையில் வடிகட்டப்பட்டுக் கரியை இழந்தது, தேவைக்கேற்பச் சூடேற்றப்பட்டது, பின்னர் தளத்தில் துளைக்கப்பட்ட எண்ணற்ற சிறு துளைகளின் வழியாகவும், அவற்றின்மேல் விரித்த குதிரைமயிர்க் கம்பளத்தின் வழியாகவும் மெல்ல மேலெழுந்தது. கூரையைச் சேர்ந்த காற்றை வெளியே நின்ற உயரமான புகைபோக்கி இழுத்துக்கொண்டது. அதன் அடியில் எரிந்த நெருப்பே இழுவிசை.

இவ்வளவு நுட்பத்துக்கும் ஒரு குறை வாய்த்தது. உறுப்பினர்களின் காலணிச் சேறும் புழுதியும் அத்துளைகளின்மேல் படிந்தன. கீழிருந்து வந்த தூய காற்று அப்புழுதியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முகத்துக்கே வந்தது. காற்றைத் தூய்மையாக்கினால் போதாது, அது வரும் வழியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது. புதிய வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் காற்றோட்டமும் ரீடின் பொறுப்பாயிற்று. கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியோடு அவருக்கு ஓயாத பூசல். இறுதியில் 1852இல் ரீட் விலக நேர்ந்தது. அம்மாளிகையின் நடுக்கோபுரம் இன்று பார்ப்போருக்கு அழகாகத் தோன்றுகிறது. பழங்காற்று வெளியேற வழி வேண்டும் என்று ரீட் வற்புறுத்தியதால் எழுந்தது அது.

அடுத்த பத்தாண்டுகளில் காற்றுக்கு இரு பெரும் வழக்குரைஞர் தோன்றினர். கிரிமியப் போரின்போது ஸ்குடாரி மருத்துவமனையில் படைவீரர் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைக் கழுவியது, காற்றோட்டத்தைச் சீர்செய்தது. இறப்பு விழுக்காடு சில மாதங்களில் பெரிதும் வீழ்ந்தது. அதை நேரில் கண்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் எழுதிய செவிலியர் நூலின் முதல் இயலையே காற்றோட்டத்துக்கு ஒதுக்கினார். நோயாளியைக் குளிரில் வாட்டாமல், அவர் மூச்சுவிடும் காற்றை வெளிக்காற்றுக்கு நிகராக வைத்திருப்பதே செவிலியரின் முதற்கடன் என்றார். அவருக்கும் கெட்ட காற்றே நோய்தான்.

மற்றவர் மியூனிக் நகரின் மாக்ஸ் பெட்டன்கோஃபர். அறையின் காற்று எவ்வளவு பழையது என்பதை மூக்கால் மதிப்பிடுவதை விட்டு, மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து அறியலாம் என்று 1858இல் காட்டினார். அந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. அவ்வாயுவே நஞ்சு என்று அவர் கருதவில்லை. பிறர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு உள்ளிழுக்கிறோம் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. இதே பெட்டன்கோஃபர்தான், காலராவுக்குக் கிருமி மட்டும் காரணமன்று என்று காட்டுவதற்காக 1892இல் காலராக் கிருமி நிறைந்த நீர்மத்தைக் குடித்தார். உயிர் தப்பினார், கொள்கை தப்பவில்லை. ஆனால் அவர் வகுத்த ஆயிரத்தில் ஒன்று இன்றும் காற்றுமானிகளின் முகப்பில் எச்சரிக்கை எண்ணாக நிற்கிறது.

கிருமிக் கொள்கை வென்றபின் நிகழ்ந்தது வேறு. காலரா நீரில், டைபஸ் பேனில், மலேரியா கொசுவில் என்று ஒவ்வொன்றின் வழியும் வெளிப்பட, காற்றின்மீது சுமத்தப்பட்ட பழிகள் ஒவ்வொன்றாய் நீங்கின. அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரச் சுகாதார அலுவலர் சார்லஸ் சேப்பின் 1910இல் எழுதிய நூலில், தொற்று பெரும்பாலும் நெருங்கிய தொடர்பால் பரவுவது, காற்றின் பங்கு பொருட்படுத்தத் தக்கதன்று என்று வாதிட்டார். காற்றுக்கு அஞ்சும் மக்களைக் கைகழுவச் செய்வது கடினம் என்பது அவர் கவலை. நல்ல நோக்கம்தான். ஆனால் அவர் கூற்று நூறாண்டுக்காலம் மருத்துவத்தின் வேதமாயிற்று.

அதை எதிர்த்த தனிக்குரல் வில்லியம் வெல்ஸ் என்பவருடையது. இருமலின் நுண்துளிகள் நிலத்தை அடையுமுன்பே உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி நெடுநேரம் காற்றில் மிதக்கும் என்று அவர் 1934இல் எழுதினார். அதை மெய்ப்பிக்கும் சோதனை 1956இல் பால்டிமோர் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரிச்சர்ட் ரைலியின் தலைமையில் தொடங்கியது. ஆறு காசநோயாளர் தங்கும் பகுதியின் காற்று முழுவதும் குழாய்வழியே மாடியிலிருந்த கூண்டறைக்குச் செலுத்தப்பட்டது. அங்கே கினிப் பன்றிகள். அவை நோயாளரைக் கண்டதில்லை, தீண்டியதில்லை. குழாயில் வந்த காற்றை மட்டுமே சுவாசித்தன. மாதத்துக்குச் சராசரியாக மூன்று விலங்குகள் நோயுற்றன. பின்னர் இன்னொரு கூண்டறைக்குச் செல்லும் குழாயில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினர். அங்கே ஒன்றும் நோயுறவில்லை. இருநூறு ஆண்டுக்கால வழக்கில் காற்றுக்குழாயே சாட்சிக்கூண்டு ஏறிய நாள் அது.

ஆனால் அதே 1956இல்தான் நம் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. மாத்திரை கொடுத்து வீட்டிலேயே நோயாளரைக் குணப்படுத்தலாம் என்று அம்மையம் 1959இல் உலகுக்கு நிறுவிக் காட்டியது. ஏழை நாடுகளுக்கு அது பெருங்கொடை. அதன் பெருமையில் நமக்கும் பங்குண்டு. காற்றுக்காகவே கட்டப்பட்ட விடுதிகளின் தேவை அதனால் குறைந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை இரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. அங்கே இறங்குவோரில் எத்தனைபேர் அச்சொல்லுக்குப் பின்னிருக்கும் திறந்தவெளிக் காற்றை நினைக்கின்றனர்?

குளிர்சாதனம் வந்தபின் சாளரம் அடைபட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் மிச்சமே குறிக்கோளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 கன அடி புதுக்காற்று வேண்டுமென்று சொன்ன அமெரிக்கப் பொறியாளரின் வழிவந்தோர், 1981இல் அலுவலகங்களுக்கு 5 கன அடி போதுமென்றனர். தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு என்று முறையிடுவோர் பெருகினர். கட்டடமே நோயுற்றது என்று சொல்லும் ஒரு தொடர் மருத்துவத்தில் பிறந்தது. 1989இல் அலுவலகங்களுக்கான அந்த 5, 20 ஆக உயர்ந்தது. இதற்கிடையே 1976இல் பிலடெல்பியா விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரரில் 29 பேர் புதுவகை நுரையீரல் காய்ச்சலால் இறந்தனர். மறு ஆண்டு கண்டறியப்பட்ட அந்தக் கிருமி, குளிர்சாதன அமைப்பின் நீர்க்கோபுரங்களில் செழிப்பது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். அச்சத்தை வணிகமாக்கிக் காற்றுக்குழாய்களை ஆண்டுதோறும் கழுவச் சொல்வோர் உண்டு. வழக்கமாகக் கழுவுவதால் நோய் தடுக்கப்படுகிறது என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே கூறுகிறது. பூஞ்சை படர்ந்தாலோ, எலியும் பூச்சியும் குடியேறினாலோ, தூசியடைத்து வாயிலில் கொட்டினாலோ கழுவத்தான் வேண்டும். ஆனால் ஈரத்தைத் தடுப்பதும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும், புதுக்காற்றுக்கு வழிவிடுவதுமே முதற்பணிகள்.

2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவுவதன்று என்று உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. சேப்பினின் நிழல் அத்தனை நீளம். அதற்கு முன்பே, சனவரியில், குவாங்சௌ நகர உணவகமொன்றில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பத்தினர் பத்துப்பேருக்கு நோய் கண்டிருந்தது. புதுக்காற்று இல்லாமல் ஒரே காற்றைச் சுழற்றிய குளிர்சாதனமே அவர்களைப் பிணைத்தது. 2021இல் அவ்வமைப்பு தன் கூற்றைத் திருத்திக்கொண்டது.

இன்று நம் ஊர்களில் வங்கி, பயிற்சி வகுப்பு, மருத்துவர் அறை எங்கும் சுவரில் தொங்கும் குளிர்சாதனப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளிக்காற்றைச் சிறிதும் உள்ளே கொணர்வதில்லை. இருந்த காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகின்றன. குளிர்ந்த காற்று புதிய காற்று என்று நாம் மயங்குகிறோம். ஐம்பதுபேர் அமரும் அறையில் அப்பெட்டி ஓடும்போதும் ஒரு சாளரத்தைச் சற்றே திறந்து வைக்கலாம். பழங்காற்றை வெளித்தள்ளும் விசிறியொன்றைப் பொருத்தலாம். மின்கட்டணம் சிறிது கூடும். பெயரிலேயே காற்றின் வழியை வைத்திருந்த மொழிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.