ஆவடி டாங்கி பிறந்த கதை

மண்ணூர்பேட்டை வழியாக எம்.டி.எச். ரோட்டில் ஆவடிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு 'டேங்க் ஃபேக்டரி' நன்கு தெரிந்த பெயர். அங்கே பிறந்த முதல் டாங்கி விஜயந்தா. ஒரு தளபதியும் ஓர் அமைச்சரும் மோதிக்கொண்ட காலத்தில் கருவான டாங்கி அது.

1948 நவம்பரில் காஷ்மீரின் ஜோஜிலா கணவாயை மீட்டவர் மேஜர் ஜெனரல் திமையா. 11,000 அடிக்கு மேல், பனிக்கு நடுவே, யாரும் எதிர்பாராத இடத்தில் அவர் டாங்கிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவை அமெரிக்காவில் செய்த ஸ்டூவர்ட் டாங்கிகள். அன்று நம்மிடம் சொந்த டாங்கி என்று ஒன்றுகூட இல்லை. 1954ல் பாகிஸ்தான் அமெரிக்காவோடு ராணுவ ஒப்பந்தம் செய்துகொண்டது. பிறகு பேட்டன் டாங்கிகள் அங்கே வந்து இறங்கின. நாம் பிரிட்டனிடம் செஞ்சூரியனையும் பிரான்சிடம் ஏ.எம்.எக்ஸ். டாங்கியையும் வாங்கினோம்.

1957ல் வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சரானார். கோழிக்கோட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். ஆயுதத்துக்கு அயலாரிடம் கையேந்தக் கூடாது, இங்கேயே செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அதே ஆண்டு திமையா தரைப்படைத் தளபதியானார்.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. உயர் அதிகாரிகளின் பதவி உயர்வில் அமைச்சர் தலையிடுகிறார் என்று திமையா மனம் நொந்தார். சீன எல்லையைப் பற்றிய கவலையும் அவருக்கு இருந்தது. 1959 ஆகஸ்ட் இறுதியில், லோங்ஜூவில் சீனப்படை சுட்ட சில நாட்களில், பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு பேசிச் சமாதானப்படுத்த, கடிதத்தைத் திரும்பப் பெற்றார். செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில், மக்களாட்சியில் குடிமை அரசின் அதிகாரமே உயர்ந்தது என்று நேரு அறிவித்தார்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால் அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கொரியப் போரைச் சீனாவுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றார் ஜெனரல் மக்ஆர்தர். அதிபர் ட்ரூமன் மறுத்தார். அதிபரின் கொள்கைக்கு மாறான தன் கருத்தை எதிர்க்கட்சித் தலைவருக்கு மக்ஆர்தர் கடிதமாக எழுத, அது அவையிலேயே வாசிக்கப்பட்டது. 1951 ஏப்ரல் 11 அன்று ட்ரூமன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அந்தப் போர் ஓய்ந்தபின் 1953ல், ஊர் திரும்ப மறுத்த கைதிகளின் பிரச்சினையைத் தீர்க்க அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவராகக் கொரியா சென்றவர் நம் திமையாதான். தளபதி எல்லை மீறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. அவர் மேடையேறி அரசைத் தாக்கவில்லை. 1961 மே மாதம் அமைதியாக ஓய்வு பெற்றார்.

அந்த ஆண்டே பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானது. ஆனால் 1962ல் சீனப்படை மலையிறங்கி வந்தபோது நம் வீரர்களிடம் குளிருக்கேற்ற உடைகூடப் போதிய அளவு இல்லை. அக்டோபர் இறுதியில் மேனனிடமிருந்து பாதுகாப்புத் துறை போனது. பாதுகாப்பு உற்பத்தித் துறை மட்டும் மிஞ்சியது. நவம்பர் 7 அன்று அதையும் விட்டு விலகினார்.

105 மில்லிமீட்டர் பீரங்கி தாங்கிய விஜயந்தா 1965ல் ஆவடியிலிருந்து வெளிவந்தது. அப்போது மேனன் அமைச்சரல்ல. ஐ.நா. படைக்குத் தலைமை ஏற்றுச் சைப்ரஸ் சென்றிருந்த திமையா அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே காலமானார்.

விஜயந்தாவுக்குப் பிறகு டி-72, அர்ஜுன், டி-90 எல்லாம் அதே ஆவடியில் உருவாயின. சொந்தமாகச் செய்வோம் என்ற மேனனின் முடிவு சரியானது. ராணுவத்தின் குரலுக்கு அவர் காது கொடுக்காதது பெரும் பிழை. முடிவெடுக்கும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கே உண்டு. களம் கண்டவன் சொல்வதைக் கேட்டபிறகு முடிவெடுப்பது அந்த அரசின் கடமை.